சுருளிப்பட்டியில் காந்தம் ஒட்டிய வால்வுகள்

கம்பத்துக்குப் போகிறேன் என்றதும், மலையடிவாரம்தானே, குளிரும் என்று நானாக முடிவு செய்து, சித்திரை மாதத்தில் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனவன் நான். அதுவும் கழுத்துவரை பொத்தான் வைத்தது. தேனி பஸ் நிலையத்தில் இறங்கியபோது என்னைப் பார்த்த சர்பத் கடைக்காரர், நான் வாயைத் திறக்கும் முன்பே கிளாஸைக் கழுவ ஆரம்பித்தார். இதைப் படித்துவிட்டு அந்தப் பக்கம் போகிறவர்கள் செய்ய வேண்டிய முதல் காரியம் ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போவது. குளிர் குமுளிக்கு மேலே இருக்கிறது. கீழே இருப்பது வெயில்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரி. மோட்டார் பம்புக்கு இரும்பு வார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்த இடம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வால்வு வார்க்கலாம் என்று முதலாளியின் காதில் ஓதி ஓதிச் சம்மதிக்க வைத்தவன் நான்தான். அதற்கென்று தனியாக ஒரு சின்ன ஃபர்னஸ் போட்டார். முதல் பெரிய ஆர்டர் சுருளிப்பட்டியிலிருந்து வந்தது. தேனி கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஞானமுத்து அண்ணாச்சி, சுருளிப்பட்டித் தோட்டத்தில் திராட்சைக் காடி, அதாவது வினிகர், எடுக்கத் தொழிற்சாலை கட்டியிருந்தார். அதோடு அந்தக் காடியிலேயே வெங்காயம், மாங்காய் ஊறப்போட்டு விற்கவும் திட்டம். பன்னிரண்டு வால்வு கேட்டார். வார்த்து, கடைந்து, பளபளவென்று தேய்த்து லாரியில் ஏற்றினோம்.

இரண்டு வாரத்தில் டிரங்க் கால் வந்தது. முதலாளி கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தார்.

“வால்வுல காந்தம் ஒட்டுதாமா. இரும்பத் தேச்சு எவர்சில்வர்னு ஏமாத்திட்டோம்னு சொல்றாரு. வர்ற லாரில திருப்பி ஏத்தறாராமா.”

“இல்லீங்க, அது வந்துங்க...”

“எனக்குச் சொல்லாதே. அவருக்குப் போயிச் சொல்லு. சரக்குத் திரும்பி வந்துதுன்னா அந்த ஃபர்னஸ மூடிட்டுப் பழயபடி பம்பே பாத்துக்கலாம்.”

மூடினால் அதில் வேலை செய்கிற ஏழு பேரும் என்னைத்தான் பார்ப்பார்கள். எனக்கும் வேறு முகம் கிடையாது.

எங்களிடம் உலோகம் படித்த என்ஜினியர் ஒருவர் இருக்கிறார், வெங்கடேசன். அவர்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் வீட்டில் பிரசவ நேரம். எனவே ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவனான என்னை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். கூடவே சின்னப் பெட்டி ஒன்றும் கொடுத்தார். அதில் ஒரு சொட்டு மருந்து பாட்டில், ஒரு பாட்டரி, இரண்டு ஒயர். “பாடம் மறந்து போனாலும் பெட்டியத் தொலச்சுடாதீங்க” என்றார். என்னைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம்.

கோயம்புத்தூரிலிருந்து காலை ஆறு மணி பஸ். பழனி, திண்டுக்கல், வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாகத் தேனி சேர மதியம் ஒன்றரை ஆனது. சர்பத்துக்குப் பிறகு ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் அடைத்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கம்பம் பஸ்ஸில் ஏறினேன்.

தேனியிலிருந்து கம்பம் நாற்பது கிலோமீட்டர். சாதாரண நாளில் ஒன்றேகால் மணி நேரம். நான் போனது வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா வாரம். எட்டாவது கிலோமீட்டரிலேயே பஸ் நின்றுவிட்டது. ரோடு முழுக்கத் தீச்சட்டியும் மஞ்சள் வேட்டியுமாகக் கூட்டம். டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தார்.

“எப்பங்க எடுப்பீங்க?” என்று கேட்டேன்.

“ஆத்தா வழி விட்டா எடுக்கலாம்ணே. அவசரமா? எறங்கி நடந்தீகன்னா நாளைக்குப் போயிரலாம்.”

ஒரு மணி நேரம் கழித்து ஆத்தா வழி விட்டாள். திருவிழாச் சமயத்தில் இந்த வழியாகப் போகிறவர்கள் விடிவதற்குள் வீரபாண்டியைத் தாண்டிவிடுவது நல்லது. அல்லது இறங்கிச் சாமி கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். உட்கார்ந்துகொண்டே புழுங்குவதுதான் இரண்டிலும் சேராதது.

சின்னமனூர் தாண்டினால் கண்ணுக்கு வேலை. இடது பக்கமும் வலது பக்கமும் மலை, நடுவில் முல்லையாற்றுத் தண்ணீரில் பச்சை. உத்தமபாளையம் வரை நெல், அப்புறம் வாழை, அப்புறம் பந்தல் பந்தலாகத் திராட்சை. கம்பத்தில் இறங்கிச் சுருளிப்பட்டிக்கு ஜீப். ஏழெட்டுக் கிலோமீட்டருக்குத் தலைக்கு ஒரு ரூபாய். பதினான்கு தலை ஏறினால்தான் வண்டி கிளம்பும். நான் பதினைந்தாவது. ஜீப் டிரைவர் என் பெட்டியைப் பார்த்து, “ஊசி போட வந்தீகளா டாக்டரே?” என்றார். ஆமாம், வால்வுக்கு என்றேன். மனுஷர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

ஞானமுத்து அண்ணாச்சியின் தோட்டம் ஊருக்கு வெளியே, சுருளி அருவிக்குப் போகிற ரோட்டில். வாசலில் கூடை கூடையாகப் பன்னீர்த் திராட்சை. இரண்டு நாள் முன்பு கோடை மழை பெய்ததில் பழமெல்லாம் வெடித்திருந்தது. வெடித்த பழத்தைக் கடையில் எவனும் வாங்க மாட்டான். சுற்றுவட்டாரத் தோட்டக்காரர்களிடம் “வெடிச்சது பூரா எங்கிட்டக் கொண்டாங்க” என்று அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார். கொண்டுவந்துவிட்டார்கள். தொட்டி தயார், பம்பு தயார், குழாய் தயார். வால்வு மட்டும் ஷெட்டில் சாக்கு மேல் வரிசையாகக் கிடந்தது, குற்றவாளிகளைப் போல. ஈ மொய்க்கிற சத்தம் ரோடு வரை கேட்டது.

அண்ணாச்சிக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். தேனி, போடி கடைவீதிகளில் பாத்திரக் கடைக்காரர்கள் கல்லாவிலேயே ஒரு காந்தம் போட்டிருப்பார்கள். வாங்குகிறவர்களும் அதைக் கேட்டு வாங்கி, ஒட்டிப் பார்த்துத்தான் எவர்சில்வர் எடுப்பார்கள். அந்த ஊரில் காந்தம்தான் நீதிபதி.

“வாங்க கோயம்புத்தூர்க்காரரே” என்று சொல்லிக்கொண்டே ஒரு வால்வின் வயிற்றில் காந்தத்தை வைத்தார். ஒட்டியது. “என்ன சொல்றீக இதுக்கு?”

“இது எவர்சில்வர்தானுங்க அண்ணாச்சி. நயம் சரக்குங்க.”

“ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ‘ங்க’ போட்டா இரும்பு எவர்சில்வராயிருமாக்கும்?”

வால்வைச் சற்றுச் சாய்த்தேன். காந்தம் வழுக்கிக்கொண்டு வந்து சாக்கில் விழுந்தது. பிறகு அதே காந்தத்தைப் பம்பின் இரும்புப் புல்லியில் வைத்தேன். இப்போது எடுங்கள் என்றேன். அண்ணாச்சி இரண்டு கையாலும் இழுத்துத்தான் எடுத்தார்.

“ரெண்டுலயும் ஒட்டத்தான செய்யுது” என்றார்.

“ஒட்டறதுல ஒட்டுதல் இருக்குதுங்க. வூட்டுக்கு வர்ற கடன்காரனும் உக்காருவான், மாப்பிள்ளையும் உக்காருவான். ரெண்டு பேரும் ஒரே மாதிரியா உக்காருவாங்க?”

அப்போது உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அண்ணாச்சியின் மனைவி எஸ்தர் அக்கா காபியோடு வந்தார். காபி எவர்சில்வர் டம்ளரில். எனக்கு அது போதும்.

“அக்கா, இந்த டம்ளர் நல்ல சரக்குங்களா?”

“என்ன இப்பிடிக் கேட்டுப்புட்டீக? எங்க கலியாணத்துக்கு வந்தது. நானே காந்தம் வச்சுப் பாத்துருக்கேன்.”

காபியைக் குடித்து முடித்து, டம்ளரின் அடியில் காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை. அக்கா தலையை நிமிர்த்தினார். அப்புறம் விளிம்பில் வைத்தேன். மெல்ல இழுத்தது. அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வெங்கடேசன் சொல்லிக்கொடுத்தபடி விளக்கினேன். தகட்டை அடித்து, இழுத்து டம்ளர் செய்கிறபோது அதிகமாக நீளுகிற விளிம்பில் உலோகத்தின் உள்கட்டு கொஞ்சம் மாறிப்போகும். அதனால் அங்கே காந்தம் பிடிக்கும். கடையில் எல்லாரும் அடியில் வைத்துத்தான் பார்ப்பார்கள், அதனால் தெரியாது. வால்வு கதை வேறு. அது தகடு இல்லை, உருக்கி ஊற்றிய வார்ப்பு. வார்ப்பில் குரோமியம், நிக்கல் அளவை வேண்டுமென்றே ஃபெரைட் என்கிற சங்கதி கொஞ்சம் தங்குகிறபடி வைப்பார்கள். அது துளியும் இல்லையென்றால் அச்சுக்குள் ஆறும்போதே வார்ப்பு வெடிக்கும். காந்தம் பிடிக்கிறது அந்தக் கொஞ்சத்தைத்தான்.

“அப்பக் காந்தம் ஒட்டாததெல்லாம் நல்லதுன்னு சொல்ல முடியாதுங்கிறீக” என்றார் அண்ணாச்சி.

“உங்க வூட்டுப் பித்தளக் குடத்துல ஒட்டுமுங்களா? ஒட்டாது. அதுக்காக அதுல காடிய ஊத்தி வெப்பீங்களா?”

“பச்சப் பச்சயாக் களிம்பேறிரும்ல” என்றார் எஸ்தர் அக்கா. சொல்லிக்கொண்டே கணவர் கையிலிருந்த காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுக்களையிலிருந்து ஒவ்வொரு பாத்திரமாக இறக்குகிற சத்தம். சிறிது நேரத்தில் குரல் வந்தது.

“ஏங்க, ஒங்க தங்கச்சி சீரா வச்ச சருவச்சட்டிதான் எல்லாத்தவிட ஒட்டுது! எனக்கு அப்பவே தெரியும்.”

“ஏய், அதுனால ஒன்னுமில்லன்னு இவரு இப்பத்தான சொல்றாரு!”

“இவரு ஆயிரஞ் சொல்லுவாரு. சட்டி சொல்லுதுல்ல.”

நாத்தனார் விஷயத்தில் உலோகவியல் செல்லாது. நான் அதற்குள் தலையிடவில்லை.

அண்ணாச்சி பாதிதான் இறங்கி வந்திருந்தார். வால்வின் மேல் புடைத்திருந்த எழுத்தைத் தடவினார். “சி.எஃப்.8எம்னு போட்டிருக்கு. நீங்க விலையும் அதுக்குத்தான் போட்டீக. வெறும் சி.எஃப்.8 வாங்கியிருந்தா மிச்சம். அந்த எம்முக்கு என்ன அவ்வளவு மவுசு?”

இது நியாயமான கேள்வி. இப்படி வாங்கப் போகிற எல்லாருக்கும் வரும். சி.எஃப்.8 என்பது நம் வீட்டுப் பாத்திரத்துக்குப் பங்காளி, நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியம், எட்டுப் பங்கு நிக்கல். வெறும் காடிக்கு அது தாங்கும். ஆனால் காடியோடு உப்பும் சேர்ந்தால் கதை மாறுகிறது. உப்பு, எவர்சில்வரின் தோலில் குண்டூசி அளவு இடம் கிடைத்தால் போதும், உட்கார்ந்து துளைக்க ஆரம்பிக்கும். வெளியே பார்த்தால் ஒரு புள்ளி, உள்ளே எலி வளை. எம் என்றால் மாலிப்டினம். அதை இரண்டு மூன்று பங்கு சேர்த்தால் உப்பை எதிர்த்து நிற்கும். அண்ணாச்சி ஊறுகாய்த் தொட்டியும் வைத்திருக்கிறார். அதனால் எம் இல்லாமல் முடியாது.

“சரி, அந்த எம் இதுக்குள்ள இருக்குன்னு நான் எப்பிடி நம்ப?”

அதற்குத்தான் பெட்டி. வால்வை ஒரு இடத்தில் அரம் போட்டுத் தேய்த்து, சின்னக் காகிதத் துண்டை வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, பாட்டரி ஒயரைச் சற்று நேரம் பிடிக்க வேண்டும். மாலிப்டினம் இருந்தால் காகிதம் சிவக்கும். எஸ்தர் அக்கா காந்தத்தை வைத்துவிட்டு வந்து பாட்டரியைப் பிடித்துக்கொண்டார். முதல் வால்வு சிவந்தது. இரண்டாவதும் சிவந்தது.

“எல்லாம் வெக்கப்படுதுக” என்றார் அக்கா.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு வீட்டுப் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டுவதுபோல நானும் தோரணையாகக் காட்டிக்கொண்டே போனேன். பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது, தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கிற வால்வு, காடி பம்புக்கு அடுத்தபடியாக மாட்ட வேண்டியது.

காகிதம் சிவக்கவில்லை.

சொட்டு குறைந்துவிட்டது என்று நினைத்து இன்னொரு சொட்டு விட்டேன். வேறு இடத்தில் தேய்த்தும் பார்த்தேன். வெள்ளைக் காகிதம் வெள்ளையாகவே இருந்தது. மேலே எழுத்து மட்டும் கம்பீரமாக சி.எஃப்.8எம்.

அண்ணாச்சி அந்த நேரம் கூடை இறக்குகிற ஆட்களைப் பார்த்து, “ஏலே, அங்கன எறக்காத, வெயிலு! இங்கன நெழல்ல வையி” என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை, ‘பாட்டரி தீந்துபோச்சுங்க அக்கா’ என்று சொன்னால் முடிந்தது. பதினொன்று சிவந்ததைப் பார்த்தவர் பன்னிரண்டாவதை எதற்குச் சந்தேகப்படப் போகிறார்? ஃபர்னஸ், ஏழு பேர், முதலாளி முகம் எல்லாம் ஒரு சுற்று வந்து போனது.

“இது மட்டும் ஏன் வெக்கங்கெட்டதா இருக்கு?” என்றார் எஸ்தர் அக்கா.

“அண்ணாச்சி, இங்க வாங்க” என்றேன். “பதினொன்னு நாங்க சொன்ன சரக்கு. இந்த ஒன்னு இல்லீங்க. இது சி.எஃப்.8.”

அண்ணாச்சி காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “எழுத்துப் போட்டிருக்கே?”

“எழுத்து மரப் படிவத்துல இருக்குதுங்க. அதுல அச்செடுத்து என்னத்த ஊத்துனாலும் அதே எழுத்துதான் வரும். ஈயத்த ஊத்துனாலும் சி.எஃப்.8எம்னுதான் வரும். அன்னைக்கு ரெண்டு வகையும் உருக்குனோம். ஒரு அச்சு மாறிப் போயிருக்கு. எங்க தப்புங்க.”

அண்ணாச்சி அந்த வால்வை மட்டும் தனியாக நகர்த்தி வைத்தார்.

“சொல்லாம விட்டிருந்தா எனக்கு எப்பத் தெரிஞ்சிருக்கும்?”

“ஆறு மாசமோ, ஒரு வருசமோ. ஒங்க ஊறுகாயே சொல்லியிருக்குமுங்க.”

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். “இதே மாதிரி இன்னொன்னு கெணத்துத் தண்ணிக் கொழாய்க்கு வாங்கியிருக்கமே, அதுக்கும் எம்முதான?”

“ஆமாங்க. எல்லாம் ஒரே சாதியா இருக்கட்டும்னு நீங்கதான் கேட்டீங்க. கெணத்துத் தண்ணிக்கு எம்மே தேவையில்லீங்க.”

“அப்ப ரெண்டையும் மாத்திப் போட்டாச் சோலி முடிஞ்சது. இதுக்கு எதுக்கய்யா மூஞ்சியத் தொங்கப்போடுறீக?” என்றவர், ஆட்களைப் பார்த்து, “பழத்தத் தொட்டில கொட்டுங்கப்பா” என்று குரல் கொடுத்தார். அன்றைக்கே கம்பம் தபால் ஆபீசுக்கு ஆளை அனுப்பி முதலாளிக்குத் தந்தி அடித்தார். இன்னும் எட்டு வால்வு வேண்டும், அதே ஆள் கையில் பெட்டியோடு வர வேண்டும். ஃபர்னஸ் இன்றுவரை எரிகிறது.

திரும்பும்போது யோசித்துப் பார்த்தேன். பதினொன்றும் ஒழுங்காக இருந்ததற்காக அவர் மறுபடி ஆர்டர் கொடுக்கவில்லை. பன்னிரண்டாவதைச் சொன்னதற்காகக் கொடுத்தார். இது ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை, வியாபாரம். ஆனாலும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் கிடைத்ததுபோல இருந்தது. கிடைக்கவில்லை, நின்றுகொண்டுதான் வந்தேன்.

வால்வு வாங்கவோ விற்கவோ அந்தப் பக்கம் போகிறவர்கள் சிலதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காந்தத்தைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வால்வின் உடம்பில் இருக்கிற எழுத்தைப் படியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். எந்த உருக்கில் ஊற்றியது என்று கொத்திய நம்பரையும், அந்த உருக்கின் பரிசோதனைத் தாளையும் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் காபி மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். உள்ளே என்ன ஓடுகிறது, எவ்வளவு சூடு, உப்பு உண்டா என்று வார்ப்பவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; டாக்டரிடம் மறைத்தாலும் இவரிடம் மறைக்காதீர்கள். சாதாரண நீராவிக்கு எவர்சில்வர் கேட்டுக் காசைக் கரைக்காதீர்கள், வார்ப்பு எஃகே போதும். குழாயோடு வைத்து வெல்டிங் செய்வதென்றால் கார்பன் குறைந்த சி.எஃப்.3எம் கேளுங்கள். கந்தக அமிலம் என்றால் அதற்குத் தனி ரகம் இருக்கிறது. பிளீச்சிங் தண்ணீர் என்றால் இதில் எதுவுமே வேண்டாம், ரப்பர் போர்த்திய வால்வைப் பாருங்கள். கம்பத்தில் தங்குவதைவிடத் தேனியில் தங்குவது வசதி. அருவிக்குப் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள். கடைசி ஜீப் இருட்டுவதற்கு முன்பே போய்விடும், பதினான்கு தலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும்.

அண்ணாச்சி விடவில்லை என்பதால் திறப்பு விழாவுக்கும் இருந்துவிட்டுத்தான் வந்தேன். அந்தப் பன்னிரண்டாவது வால்வை, வேறு யாரும் தொட வேண்டாம் என்று சொல்லி, நானே என் கையால் கிணற்றுக் குழாயில் மாட்டினேன். கம்பத்திலிருந்து போதகர் ஐயா வெள்ளை அங்கியில் வந்து, குழாயருகில் நின்று ஜெபித்தார். ஜெபத்தின் நடுவில் அண்ணாச்சி சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஓடியது. தொட்டிக்குத் தண்ணீர் வரவில்லை. சிறிது நேரத்தில் ரப்பர் ஹோஸ் கழன்று, தண்ணீர் போதகர் ஐயா மேல் வந்தது. தண்ணீர் போக வேண்டிய பக்கத்தைக் காட்டுகிற அம்புக்குறி, வால்வின் மேல், கிணற்றைப் பார்த்து இருந்தது. மோட்டாரை நிறுத்தி, வால்வைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். போதகர் ஐயா அண்ணாச்சியின் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, ஜெபத்தை விட்ட இடத்திலிருந்து முடித்தார்.